பொட்டு சாரும் கடைசி பெஞ்சும்

கம்பம் பள்ளத்தாக்கிலேயே அதிகமாக ஸ்டிக்கர் பொட்டு வாங்கிய ஆள் ஒரு கல்யாணமாகாத ஆண்பிள்ளை. எங்கள் பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. எங்களுக்கு அவர் 'பொட்டு சார்'.

வாராவாரம் ஃபேன்சி கடையில் சிவப்பில் பத்து அட்டை, பச்சையில் பத்து அட்டை. கடைக்கார அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"சாருக்கு எத்தனை பொம்பளப் பிள்ளைக?"

"மொத்தம் நாப்பத்திரண்டு பிள்ளைக. அதுல பதினேழு பையங்க."

அடுத்த வாரத்திலிருந்து அந்த அம்மா சாரைக் கண்டதுமே இருபது அட்டையை எடுத்து வைத்துவிடுவார்.

விஷயம் இதுதான். பத்தாம் வகுப்புக்கு அவர்தான் வகுப்பாசிரியர்; அந்த வகுப்பின் தினசரி கணக்குச் சிறு தேர்வு முடிவுகளை சார்ட்டில் கட்டம் போட்டு ஒட்டுவார். பிள்ளைக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு கட்டம். தேறினால் பச்சைப் பொட்டு, தவறினால் சிவப்பு. கம்ப்யூட்டரில் செய்யலாமே என்றால், "கரண்ட் போனாலும் பொட்டு போகாது டீச்சர்" என்பார். கன்னத்தில் ஒரு பொட்டு ஒட்டியிருப்பது தெரியாமல் பஸ் ஏறிப் போனதும் உண்டு.

நான் கணக்கு டீச்சர். அந்த வகுப்பின் கடைசி பெஞ்சு முத்துமாரியை 'மெல்லக் கற்போர்' பட்டியலில் எழுதியவள் நான்தான். சராசரி பாஸ் மார்க்கைத் தொடவில்லை; வேறென்ன பார்க்க வேண்டும்? ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் அவள் அம்மா, பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டார்: "அரைப்பரிச்சையில கணக்குல பெயிலானா எங்கூட தோட்டத்துக்கு வரட்டும் டீச்சர். எத்தன நாளைக்கு வாத்தியாருக வைவாக, இவ அழுவா?"

பொட்டு சார் சார்ட்டை முறைத்துப் பார்த்தார். "சிவப்பெல்லாம் கடைசி பெஞ்சுப் பிள்ளைக!" உடனே கடைசி பெஞ்சைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட வைத்தார். மறுவாரம் பார்த்தால், முந்தின பெஞ்சு கடைசி பெஞ்சாகி, அதே பிள்ளைகள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அதே சிவப்பு.

"பெஞ்சு மேல குத்தமில்ல" என்று சார் தானே அதைச் சுமந்து வந்தார். "ஏன் எப்பவும் கடைசில ஒக்காருறாக? லேட்டா வாராக! டீச்சர், சராசரிய விடுங்க. கிழமையப் பாருங்க."

பார்த்தேன். திங்கள் முதல் வியாழன் வரை கணக்கு முதல் மணி வகுப்பு, அத்தனையும் சிவப்பு. வெள்ளிக்கிழமை மட்டும் மூன்றாம் மணி. முத்துமாரிக்கு வரிசையாகப் பச்சை. லேட்டாக வருவது சோம்பல் என்று நானும்தானே வைதேன்!

அவளைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

"அம்மா விடியுமுன்ன ஜீப்புல தோட்டத்துக்குப் போயிருவாக சார். தம்பிய அங்கன்வாடில விட்டுட்டு ஓடியாரதுக்குள்ள பாதிப் பரிச்ச முடிஞ்சிருது."

"ஏன் சொல்லல ஆத்தா?" என்றேன்.

"யாரும் கேக்கல டீச்சர்."

கணக்கை மூன்றாம் மணிக்கு மாற்றித் தரும்படி தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டோம். "கணக்குன்னா காலையிலதான்யா மண்டையில ஏறும்!" என்றார் அவர். அவர் படித்த காலத்திலிருந்தே முதல் மணி கணக்குதானாம். பொட்டு சார் சார்ட்டை அவர் மேசையில் விரித்து, வெள்ளிக்கிழமை மேல் விரலை வைத்தபடி நின்றார். சாப்பாட்டு மணி அடித்தும் விரலை எடுக்கவில்லை. பசி தாங்காத தலைமையாசிரியர், முதல் மணியை நூலகத்துக்குக் கொடுத்து, கணக்கை மூன்றாம் மணிக்குத் தள்ளினார்.

அரைப் பரீட்சையில் முத்துமாரி கணக்கில் தேறினாள். முதல் மார்க் எல்லாம் இல்லை, தேறினாள், போதும். அவள் அம்மா என்னிடம் வந்து, "அப்ப இவ இங்கனயே இருக்கட்டும் டீச்சர்" என்றார். பக்கத்தில் நின்ற பொட்டு சார் சட்டென்று கொடிக்கம்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது அவர் மாறுதலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். பட்டியல் இன்னும் நான்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு பெயரையும் எழுதுமுன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "காலையில வீட்ல என்ன வேலை ஆத்தா?" என்று கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம், அந்த மனுஷன் பக்கத்தில் நிற்கக் கூடாதா என்றிருக்கிறது.