பச்சை விளக்கு எரியும் வரை பழுதில்லை

சுகாதார நிலையத்தில் தடுப்பூசி மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ் சூரிய ஒளியில் ஓடுவது. பாட்டரிக்குச் சார்ஜை அளந்து விடும் கன்ட்ரோலர் ஒரு மாதமாக மக்கர் பண்ணி, அன்று காலை அடியோடு நின்றது. அதற்குள் நர்ஸம்மா நான்கு கடிதம் எழுதியிருந்தார். நான்காவதில் "மாண்புமிகு" சேர்த்த பிறகுதான் துறை கண் திறந்தது. ஒரு மெக்கானிக்கும், அவர் வேலை செய்வதைப் பார்வையிட ஓர் ஆய்வாளரும் அன்றே ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

உச்சி வெயிலில் மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்தார். கூரைப் பேனலிலிருந்து இருபது வோல்ட் வந்தது. பாட்டரிக்குப் போகும் கம்பியில் ஒன்றுமில்லை.

"கன்ட்ரோலர் போச்சு சார். உள்ள வாங்குது, வெளிய விட மாட்டேங்குது."

"அதுல பச்சை விளக்கு எரியுதே?" என்றார் ஆய்வாளர்.

"அது மட்டும்தான் சார் எரியுது."

"அப்போ நல்லா இருக்கு. களச் சோதனைப் படிவத்துல ஒரே கேள்விதான். விளக்கு எரிகிறதா, இல்லையா?"

"சார்ஜ் ஏறலையே சார்."

"அதைப் படிவம் கேட்கல. கேட்காததுக்குப் பதில் சொல்றது அதிகப்பிரசங்கித்தனம்."

நர்ஸம்மா குறுக்கிட்டார். "உள்ள நாற்பது குழந்தைங்களுக்கு மருந்து இருக்கு சார். சாயங்காலத்துக்கு மேல தாங்காது."

"ஃப்ரிட்ஜ் வேற பிரிவும்மா."

"பையில புதுசு இருக்கு. பத்து நிமிஷத்துல மாட்டிடலாம்" என்றார் மெக்கானிக்.

"பழுதுன்னு சான்று இல்லாம மாட்டினா, பழுது என் வேலைக்குத்தான் வரும்."

நர்ஸம்மா உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தார். மெக்கானிக் மூடியைக் கழற்றி, விளக்குக்குப் போகும் கம்பியைக் காட்டினார். ஒரே வெட்டு.

ஆய்வாளர் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எரியல. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று படிவத்தை நிரப்பி நீட்டினார். காரணம்: விளக்குப் பழுது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். நர்ஸம்மா ஃப்ரிட்ஜைப் பார்த்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். புதுக் கன்ட்ரோலர் ஏறியது, மருந்து பிழைத்தது.

அடுத்த மாதம் பக்கத்து நிலையத்து நர்ஸ் போன் செய்தாள். "அக்கா, எங்க கன்ட்ரோலரும் போச்சு. எழுதினேன். புதுப் பச்சை விளக்கு மாட்டிட்டுப் போயிட்டாங்க. ஜோரா எரியுது. மருந்தையெல்லாம் கொட்டிட்டேன்."

"கன்ட்ரோலர்தான் கோளாறுன்னு மறுபடி எழுதும்மா."

"எழுதிட்டேன்கா. இல்லையாம், விளக்குதான் கோளாறாம். நேர்ல சோதிச்சுப் பார்த்த அறிக்கையோட நகலை அனுப்பியிருக்காங்க. கீழ உங்க கையெழுத்து இருக்கு."