எண்பதுக்கு மேல் ஏற்றாத மனிதர்

உலகத்திலேயே லேப்டாப் வைத்திருந்தும் அதில் ஒரு எழுத்துக்கூடத் தட்டாத மனிதர் எங்கள் எண்பதுதான்.

அவருக்கு வேறு பேர் உண்டு. யாரும் சொல்வதில்லை. பேட்டரி எண்பதுக்கு வந்ததும் வயரைக் கழற்றிவிடுவார். இருபதுக்குக் கீழே இறங்க விடமாட்டார். அதனால் எண்பது. அவர்மேல் கோபம் வந்தால் இருபது என்போம்.

இலங்கை மலைநாட்டில் ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். நான் கவாத்து வெட்டுகிறவன். அவருக்குத் தேயிலை ஃபெக்டரியில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. லயம் என்கிற வரிசை வீடுகளில் அவர் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர். அவர் இருமினால் எனக்குத் தொண்டை கரகரக்கும். அவ்வளவு மெல்லிய சுவர்.

லேப்டாப் அவருடையது இல்லை. அவருடைய அக்கா மகன் கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப் போனது. "மாமா, பேட்டரிய மட்டும் பாத்துக்கங்க. வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருப்பார்கள். அவன் இவரிடம் சொன்னான்.

"கொழுந்து ரொம்ப வாடுனா கருகிப் போகும். வாடாட்டி அரைபடாது. பேட்டரியும் அப்படித்தான். நடுவுல வைக்கணும்" என்பார். எதைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். மழை வருமா என்று கேட்டாலும் சொல்வார்.

எங்கள் காம்பராக்களில் ஆளுக்கு ஒரு பிளக். அதை டிவி பிடித்துக்கொள்ளும். லேப்டாப்பின் ஓரத்திலோ வயர் சொருக மூன்று ஓட்டை. ஒரு பிளக்கில் மூன்று போன் ஏறும். இது தெரிந்ததும் லயமே அவர் வாசலில் வந்து நின்றது.

அவர் சட்டம் போட்டார். லேப்டாப் நான்கு தீப்பெட்டிகளின்மேல் இருக்கும். அடியில் காற்றுப் போக வேண்டுமாம். கட்டிலில் வைத்தால் கொலைக் குற்றம். சுவரில் கரண்ட் இருந்தால்தான் போன் சொருகலாம். கரண்ட் போனால் முதலில் போன்களைப் பிடுங்குவார். அப்புறம்தான் மெழுகுவர்த்தி தேடுவார். வயரோடு இருக்கிற போனில் பேசவே கூடாது.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி போன்களைக் கூப்பிடுவார். பிந்தி வந்த போன் பாதி ஏறியதும் கழற்றிக் கையில் கொடுப்பார். "லேட்டா வந்தா அரைப்பேர்தான்." தோட்டத்தில் அரை நாள் வேலைக்குப் போடுகிற அரைப்பேரைப் போனுக்கும் போட்ட ஒரே ஆள்.

ஒரு நாள் கடைசிக் காம்பரா மேரியக்கா வந்தாள்.

"அண்ணே, அம்பது இருக்கு. நூறாக்கிக் குடுங்க."

"வயிறு நெறஞ்சவளுக்கு எதுக்குச் சோறு? முப்பது வந்ததும் கொண்டா."

"எம்மவ கொழும்புலருந்து எடுப்பாண்ணே."

"எடுக்கட்டும். அம்பதுக்குள்ள பேசி முடிக்க ஏலாதா? அப்படி என்ன கதை?"

மேரியக்கா அவரை இருபது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆயுத பூசைக்கு என் வீட்டுக்காரி பாக்கியம் கவாத்துக் கத்திக்குப் பொட்டு வைத்தாள். மண்வெட்டிக்கு வைத்தாள். பக்தி அடங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் போய் லேப்டாப்புக்கும் சந்தனம் வைத்தாள். சரியாக ஒரு ஓட்டையின்மேல் வைத்தாள். எண்பது அன்று முழுவதும் விளக்குமாற்று ஈர்க்கோடு உட்கார்ந்திருந்தார். சந்தனம் வரவில்லை. ஈர்க்கு உள்ளே ஒடிந்தது.

"மூணு கண்ணுல ஒண்ணு போச்சு. பாக்கியம் போனுக்கு இனிப் பேர் கெடையாது" என்றார்.

பாக்கியத்தின் போன் என்றால் என் போன்தான். எங்களுக்கு ஒன்றுதான். அதன் பேட்டரி ஏற்கெனவே செத்தது. வயர் இருந்தால் உயிர். எடுத்தால் போய்விடும்.

பிறகு அந்த மழை வந்தது. மேடு சரிந்து ரோட்டை மூடியது. கரண்ட் கம்பி அறுந்தது. பாக்கியம் அப்போது பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் ஆப்பரேஷன். துணைக்குப் போன கொழுந்தியாள் முடிந்ததும் போன் எடுத்துச் சொல்கிறேன் என்றிருந்தாள். நான் போக வழியில்லை. லயத்தில் எல்லாப் போன்களும் செத்துக் கிடந்தன. உயிரோடு இருந்தது அந்த லேப்டாப் ஒன்றுதான். எண்பதில் இருந்தது.

மத்தியானம் போய் நின்றேன்.

"அண்ணே, போன் சொருகணும்."

"செவுத்துல கரண்ட் இல்ல."

"லேப்டாப்புல இருக்குல்ல."

"அது மருமகனோடது."

"பாக்கியத்துக்கு இன்னைக்கி ஆப்பரேஷன்."

லேப்டாப்பைத் திறந்து நம்பரைப் பார்த்தார். பிறகு தீப்பெட்டிகளை அடுக்கினார்.

"போன் சூடா இருக்கா?"

"இல்ல."

நம்பவில்லை. வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். நான் பல்லைக் கடித்தேன்.

"இருபது வரைக்கும்தான் தம்பி."

சொருகினார். கரண்ட் மிச்சம் என்று லேப்டாப் வெளிச்சத்தைக் குறைத்தார். நம்பர் தெரியவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே தலையை விட்டார். "அறுவது" என்று சத்தம் வந்தது. சாமி வந்து சொல்வது மாதிரி இருந்தது. இடையிடையே தலையை நீட்டி என்னைத் திட்டினார். "நூறு நூறா ஏத்தியே இந்தப் போனக் கொன்னுருக்கீங்க."

போன் அடித்தது. கொழுந்தியாள்தான். நான் எட்டுவதற்குள் அவர் வயரைப் பிடுங்கிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். வயரோடு பேசக்கூடாதே. போன் செத்தது.

கவாத்துக் கத்தி என் காம்பராவில் இருந்தது. நல்லவேளை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மறுபடி சொருகிவிட்டு, கம்பளிக்குள் போனார். போன் கண் விழிக்க வெகுநேரம் எடுத்தது. நான் எடுக்க அதில் காசில்லை; பிறகும் அது அடிக்கவில்லை.

"இருவது" என்றார். பிடுங்கப் போகிறார் என்று இருந்தேன். பிடுங்கவில்லை.

"பத்தொம்பது." சாவு சொல்கிற குரல்.

"பத்து."

"அண்ணே, போதும்ணே."

"சும்மா இரு தம்பி. அந்தப் புள்ள போன் எடுக்கும்."

எடுத்தது. இந்த முறை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் வயரோடு குனிந்து பேசினேன்.

"மாமா, முடிஞ்சிருச்சு. அக்கா கண்ணு முழிச்சிட்டா. தண்ணி கேக்குறா, இவங்க குடுக்கக் கூடாதுங்கிறாங்க."

அதோடு லேப்டாப் அணைந்தது. போனும் அணைந்தது.

அவர் கம்பளியை மடித்தார். தீப்பெட்டிகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"சந்தனம் வச்ச கை. அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

கரண்ட் வந்த அன்று மருமகனுக்கு அவரே போன் போட்டு, அழாத குறையாக விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்பு. "அதையா இன்னும் வச்சிருக்கீங்க மாமா? நான் புதுசு வாங்கி ரொம்ப நாளாச்சு."

போனை வைத்துவிட்டு, "பொறுப்பில்லாத பய" என்றார். லேப்டாப்பை எண்பதுக்கு ஏற்றினார்.

போன வருசம் வேலையிலிருந்து நின்று, பண்டாரவளையில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்திருந்தார். சூடாகும் என்று, கீழே தீப்பெட்டி.

எங்களுக்கு இப்போது புதுப் போன். எண்பது வந்ததும் பாக்கியம் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து வயரைக் கழற்றுகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருமுவதில்லை. ஆனாலும் எனக்குத் தொண்டை கரகரக்கிறது.