மாடிப்படி மறந்த படியர்

மாடிப்படியே இல்லாத இரண்டு மாடிக் கட்டடத்தை வரைந்து, அதை நெஞ்சை நிமிர்த்தி விளக்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் படியர்.

பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தபோது வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடி அறையில் நானும் அவரும் குடியிருந்தோம். முதலாம் வருட ‘ஜூரி’யில்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. ஜூரி என்றால், வரைந்ததைச் சுவரில் ஒட்டிவிட்டு நாங்கள் பக்கத்தில் நிற்க, விரிவுரையாளர்கள் வரிசையாக அமர்ந்து எங்களைக் கிழிப்பார்கள். எல்லாம் இங்கிலீஷில்தான் நடக்கும்; உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

தலைமை விரிவுரையாளர் படியருடைய வரைபடத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

“மேல எப்படிப் போறது?”

படியரும் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. ஆனாலும் அசரவில்லை.

“சேர், எல்லா வசதியும் கீழயே இருக்கு. மேல போற தேவை வராது.”

ஃபெயில்!

அன்றிலிருந்து அவருக்குப் படிப் பைத்தியம் பிடித்துவிட்டது. காலி வீதியில் மாடி வீடு கண்டால் கதவைத் தட்டி, “உங்கட படியை ஒருக்காப் பாக்கலாமோ?” என்பார். எங்கள் வீட்டுப் படியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். வீட்டுக்கார அன்ரி கீழே இருந்து கத்துவார்: “தம்பி, ஒண்டில் மேல நில்லும், இல்லாட்டிக் கீழ நில்லும்!”

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் அழகான மரப்படி உள்ள வீடு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கதவைத் திறந்த ஐயா, நாங்கள் வாயைத் திறக்குமுன்பே “வாங்கோ, வாங்கோ” என்று கூட்டிப்போய் இருத்தினார். ரோல்ஸ் வந்தது, கட்லட் வந்தது. பிறகு சேலை கட்டிய ஒரு பெண் தேநீரோடு படியில் இறங்கி வந்தாள். விஷயம் விளங்கி, நான் படியரின் தொடையில் கிள்ளினேன். படியரின் கண்ணோ அவள் கால் வைக்கும் இடத்திலேயே இருந்தது.

“தங்கச்சி, குறை நினையாதேங்கோ. இன்னொருக்கா ஏறி இறங்குவீங்களோ?”

மாப்பிள்ளை என்று நினைத்தவர் பெண்ணைத் தங்கச்சி என்றதும் வீடே உறைந்துபோனது. ஐயா எழும்பினார்.

“நீர் பொம்பிளை பாக்க வந்தனீரோ, படி பாக்க வந்தனீரோ?”

“படி பாக்க, ஐயா.”

வாசலில் உண்மையான மாப்பிள்ளையின் கார் ஹோர்ன் அடித்தது. நாங்கள் குசினிக்குள் புகுந்து, அடுப்படியைத் தாண்டிப் பின்கதவால் வெளியேறினோம். அந்தப் பெண் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றாள்.

இறுதி வருடம் வந்தது. இடையில் வேறு பாடங்களிலும் தட்டுத் தடுமாறியவர் என்பதால், இந்த ஜூரியில் கோட்டைவிட்டால் பட்டம் இல்லை, வீட்டுக்குத்தான். கொச்சிக்கடையில் துறைமுகத் தொழிலாளர்களுக்கு ஒரு வாசிகசாலை என்பது அவர் எடுத்த வேலை. வரைவார், கிழிப்பார். சாப்பாட்டையே மறந்தார். நான் சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தால், அதன் மேலும் ட்ரேசிங் பேப்பரை விரிப்பார்.

ஜூரி அன்று அதே தலைமை விரிவுரையாளர். சுவரில், வீதியிலிருந்து வாசல் வரை கட்டடத்தின் முகப்பு முழுக்கப் படி.

“இவ்வளவு அகலம் ஏன்? இடம் வீண்தானே?”

படியர் சுவருக்குக் கிட்டப் போய், வரைந்த படியில் விரலை வைத்தார். “சேர், மூட்டை தூக்கிக் களைச்சவன் வந்த உடன உள்ள போகமாட்டான். முதல் இதில கொஞ்சம் இருப்பான். பக்கத்தில இருக்கிறவன்ர பேப்பரை எட்டிப் பாப்பான். அதுக்குப் பிறகுதான் உள்ள போவான்.”

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “அடுத்த ஆள்” என்றார். அவ்வளவுதான்.

முடிவு வரும்வரை அதற்கு என்ன அர்த்தம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. பாஸானவர்களின் பெயர்களை ஒட்டிய அன்று படியர் வரமாட்டேன் என்று படுத்துவிட்டார். நான்தான் போனேன்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய், படியரின் பெயரைக் கண்டேன். கண்டதும் வெள்ளவத்தை பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பாதி வழியில்தான் என்னுடைய பெயரைப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.