பத்துக்கு ஒன்று

"கோடு கேட்டா புள்ளி வைக்குதே, மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

மருமகன் மடிக்கணினியை எட்டிப் பார்த்தான். ஜன்னல், பட்டன், வண்ணப் பெட்டி எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கும் கருவித் தொகுப்பு ஒன்றை வைத்து, ஆசை ஆசையாக அவன் எழுதிய வரையும் புரோகிராம் அது. மாமனார் அதில் ஒரு குதிரை வரைய ஆரம்பித்து, முதுகை விறுவிறுவென்று இழுத்திருந்தார். திரையில் எறும்பு வரிசைதான் இருந்தது.

"மெதுவா வரைஞ்சா கோடா வரும் மாமா."

"குதிரை மெதுவாவா ஓடும்? பத்துக்கு நாலு."

மாமனார் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர். எதைப் பார்த்தாலும் மார்க் போட்டுவிடுவார். மாமியாரின் சமையலுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஐந்து. மருமகனுக்கே நாலுதான்; வந்த வரன்களில் அதுவே அதிகம் என்பதால் பெண்ணைக் கொடுத்தார். ஒரு தடவையாவது இவர் வாயால் ஐந்தைத் தாண்டிவிட வேண்டும் என்று அவன் தவம் கிடந்தான்.

புள்ளிகளை ஒன்றோடொன்று கோட்டால் சேர்த்தான். முதுகு வழுக்கிக்கொண்டு வந்தது. மாமனார் கையெடுத்துவிட்டுக் கால் வரையப் போனார். முதுகிலிருந்து காலுக்குத் தானாக ஒரு கோடு பாய்ந்தது. காலிலிருந்து வாலுக்கு இன்னொன்று.

"குதிரையைக் கட்டிப் போட்டுட்டீங்களே. மூணு."

மவுஸ் பட்டனை விட்டதும் பழைய புள்ளியை மறந்துவிடும்படி செய்தான். கயிறுகள் போயின. அந்த நேரம் பார்த்து ஏதோ அறிவிப்புப் பெட்டி குறுக்கே குதித்தது. அதை மூடினால், குதிரைக்குத் தலையைக் காணோம்.

"ரெண்டு."

மருமகன் விடவில்லை. போட்ட கோடுகளையெல்லாம் நினைவில் வைத்து, திரையை எது மறைத்தாலும் முதல் கோட்டிலிருந்து திரும்ப வரையும்படி புரோகிராமை மாற்றினான். வரிசை சரிதானா என்று பார்க்கக் கோட்டுக்குக் கோடு ஒரு நொடி இடைவெளி கொடுத்தவன், சந்தோஷத்தில் அதை எடுக்க மறந்துவிட்டான். அழிப்பானுக்கு நேரமில்லை. வெள்ளைப் பேனாவுக்கே அழிப்பான் என்று பெயர் வைத்துவிட்டான். யாருக்குத் தெரியப்போகிறது?

இந்த முறை மாமனாரின் கையைப் பார்த்து அவன் சொக்கிப் போனான். நாலே இழுப்பில் குதிரை பிடரி பறக்க ஓடியது. தான் எழுதிய புரோகிராமிலா இது வந்தது என்று அவனுக்கே கண் கலங்கியது.

மாமனார் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். சிவப்பைத் தொட்டார், ஏதோ எழுதினார், அழித்தார். பிறகு காட்டினார். மூலையில் சிவப்பாக ஒன்று என்ற எண்.

"ஒண்ணு. அதுவும் அந்தச் சிவப்புக்காக."

மருமகன் முகம் தொங்கிப்போயிற்று. மாமியார் தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றார். மறுபடியும் அந்த அறிவிப்புப் பெட்டி குதித்தது. அவன் வெறுப்போடு அதை மூடினான்.

திரை வெளுத்தது. முதலில் முதுகு வந்தது. பிறகு கால், வால், பிடரி. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மூலையில் சிவப்பாக ஒன்று எழுந்தது. அதன் பக்கத்தில், நிதானமாக, ஒரு பூஜ்யம் வந்து உட்கார்ந்தது.

அப்புறம் ஒரு வெள்ளைக் கோடு வந்து பூஜ்யத்தை மட்டும் மூடியது.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"இதுல இன்னும் ஒரு கோளாறு இருக்கு மாப்பிள்ளை. சரி பண்ணுங்க."

மாமியார் டம்ளரை மேசையில் வைத்தார்.

"அதை மட்டும் சரி பண்ணிடாதீங்க மாப்பிள்ளை. நாளையிலேருந்து என் சமையலுக்கும் இதுலயே மார்க் போடட்டும்."