சிற்றம்பலத்தாரின் செருப்பு

“செருப்பு வார் அறுந்து போச்சுது. நான் வெளிக்கிடப் போறன்,” என்று வாசலில் நின்று சொன்னார் சிற்றம்பலம்.

அவர் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மகள் கிருசாந்திக்கு மாப்பிள்ளை பார்க்கவென்று கிளிநொச்சியிலிருந்து கண்டாவளைக்கு ஓட்டோ பிடித்து வந்திருந்தார். மாப்பிள்ளை ரஜிதன், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞர். அந்தப் பத்து நிமிடமும் அவன் கதிரை நுனியில் இருந்து நிலத்தைப் பார்த்தான். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவனுடைய தாய் கமலாசனிதான் பதில் சொன்னார். “தம்பி இரவில எத்தினை மணிக்குப் படுக்கிறனீர்?” என்பதற்கும் அவரே.

வார் என்றதும் ரஜிதன் எழும்பிவிட்டான்.

“தோல் வாரோ ஐயா? தாங்கோ, பத்து நிமிசத்தில தைச்சுத் தாறன்.”

“வேண்டாம் தம்பி, போற வழியில…”

செருப்பு ஏற்கெனவே அவன் கைக்குப் போய்விட்டிருந்தது.

ரஜிதனுக்குத் தோல் வேலை பொழுதுபோக்கு. இரண்டு வருடத்துக்கு முன் கொழும்பிலிருந்து தோலும் கருவிகளும் தருவித்து, காணொளிகள் பார்த்துப் பழகியவன். இதுவரை மூன்று பேர்ஸ் செய்திருந்தான். அவற்றில் ஒன்று ஒழுங்காக மூடும்.

பிஸ்கற் ரின்னுக்குள் இருந்த சாமான்களை விறாந்தையில் பரப்பினான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

“ஒரு நூல், ரண்டு முனையிலும் ஊசி. ஒரே ஓட்டைக்குள்ளால ரண்டும் எதிரெதிரா வரவேணும் ஐயா. ஒரு பக்கம் அறுந்தாலும் மற்றப் பக்கம் பிடிச்சிருக்கும்.”

நூல் அறவில்லை. முடிச்சை இறுக்கியபோது, நெருக்கிக் குத்திய ஓட்டை வரிசையோடு வார்தான் தபால் முத்திரை கிழிகிறதுபோல் கிழிந்து வந்தது.

சிற்றம்பலம் குனிந்து பார்த்தார். “உது ஏன் அப்பிடி?”

“என்ரை பிழை ஐயா. இடைவெளி விட்டுக் குத்தியிருக்கவேணும்.”

சிற்றம்பலம் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே வெயில் கொதித்தது. வெறுங்காலோடு ஓட்டோவுக்குப் போக வழியில்லை. கதிரையில் இருந்தார்.

இனிப் புது வார் போடுவதுதான் வழி. கறுப்புத் தோல் இல்லை, மண்ணிறம்தான் இருந்தது. ரஜிதன் அவருடைய இடது காலைப் பேப்பரில் வைத்துக் கீறி, அளவெடுத்தான்.

“கத்தி நல்ல கூரா இருக்கவேணும் ஐயா. மொட்டைக் கத்தியை அழுத்தப் போய்த்தான் எல்லாரும் கையை வெட்டுறது.”

கத்தி நல்ல கூர். தோலையும் வெட்டி, கீழே விரித்திருந்த புதுப் பாயையும் வெட்டியது.

“டேய்!” என்று குசினி வாசலில் நின்று கத்தினார் கமலாசனி. “ஒரு பலகையை வைச்சு வெட்டினால் என்ன?”

“பலகைதான் வைக்கவேணும் அம்மா. மறந்துபோனன்.”

மண்ணிற வாரைக் கறுப்புச் செருப்பில் வைத்துப் பார்த்தார்கள். மற்றச் செருப்பு கறுப்பு வாரோடு பக்கத்தில் கிடந்தது.

“சோடி சேரேல்லை,” என்றான் ரஜிதன்.

“பரவாயில்லை. மற்றது நல்லாத்தானே—”

அதற்குள் அந்த வாரையும் வெட்டிவிட்டான்.

அதே பேப்பரை வைத்து இரண்டாவது வாரையும் வெட்டி, இரண்டுக்கும் பசை பூசினான். “உடனே ஒட்டக் கூடாது ஐயா. ரண்டு பக்கமும் பூசிப்போட்டு, விரலில ஒட்டாத அளவுக்குக் காயும்வரைக்கும் பொறுக்கவேணும். அவசரப்பட்டால் கழண்டிடும். ஒருக்கால் ஒட்டினால் பிறகு கழட்டவும் ஏலாது.”

பசை காயட்டும் என்று காத்திருந்ததில் மதியம் ஆகிவிட்டது. கமலாசனி சோறு போட்டார். சிற்றம்பலம் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தரம் கத்தரிக்காய்ப் பால்கறியோடு சாப்பிட்டார். வேப்பமரத்துக்குக் கீழே ஓட்டோவுக்குள் படுத்திருந்த அவருடைய வழக்கமான சாரதி ராசுவுக்கும் ஒரு கோப்பை சோறு போனது.

பிறகு ஒட்டும் வேலை. “அங்கால இறுக்கிப் பிடியுங்கோ ஐயா,” என்றான் ரஜிதன். சிற்றம்பலம் வேட்டியை மடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து பிடித்தார். ரஜிதன் சுத்தியலால் தட்டினான். நான்கு தட்டு செருப்பில் விழுந்தது, ஒரு தட்டு சிற்றம்பலத்தின் பெருவிரலில்.

“உதுவும் உம்மடை பிழைதானே?”

“ஓம் ஐயா.”

ஒன்றரை மணிக்கு வேலை முடிந்தது. சிற்றம்பலம் செருப்பைப் போட்டு முற்றத்தில் நாலு அடி வைத்தார். நின்றார். கீழே பார்த்தார்.

“தம்பி, ஒரு கால் இரணைமடுவுக்குப் போகுது. மற்றது ஆனையிறவுக்குப் போகுது.”

ரஜிதனுக்கு அப்போதுதான் விளங்கியது. வலது காலுக்கு வெட்டும்போது பேப்பரைத் திருப்பிப் போட மறந்துவிட்டான். இரண்டும் இடது கால் வார்கள். பசையோ பிடித்துவிட்டது.

“நீர் படவரைஞர் எல்லே?” என்று கேட்டார் சிற்றம்பலம். “வாய்க்கால் கீறேக்கையும் இப்பிடித்தானோ?”

“ஒருக்கால் அப்பிடிக் கீறிப்போட்டன் ஐயா,” என்றான் ரஜிதன். “வெட்டத் துவங்க முதல் நானே பொறியியலாளரிட்டைப் போய்ச் சொல்லிப்போட்டன்.”

கமலாசனி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். மகனின் முப்பத்திரண்டு வயதில், முதன்முதலாக வாசல்வரைக்கும் வந்த சம்பந்தம்.

சிற்றம்பலம் செருப்புகளைக் கழற்றிப் பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கையில் பட்ட பசையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

அந்த இடைவெளியில் ரஜிதன் தாயின் றபர் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவடிக்கு ஓடினான்.

“அண்ணை, இதை ஐயாவுக்குக் குடுங்கோ. நான் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு நீங்கள் ஒருக்கால் எடுத்துச் சொல்லுங்கோ. காலமை வெளிக்கிட இருந்த மனிசனை மறிச்சு வைச்சு, செருப்பையும் பழுதாக்கிப்போட்டன்.”

ராசு கிணற்றடியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“தம்பி, மாப்பிள்ளை பிடிக்காட்டில் வாசலுக்கு வந்து தன்ரை செருப்பு வாரைத் தானே பிளேட்டால அறுத்துப்போட்டு வெளிக்கிடுறதுதான் ஐயாவின்ரை வழக்கம், இது ஐஞ்சாவது சோடி, ஆனால் அவர் சாப்பிட்டுப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு வாறதை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்.”