ட்ரையல் ஆன்டியும் என் பிரசவ வகுப்பும்

ட்ரையல் ஆன்டியைப் போல இன்னொருவர் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் கடைக்காரர்களில் பாதிப் பேர் ஊரைக் காலி செய்துகொண்டு போயிருப்பார்கள். எதையும் ஒருமுறை சும்மா ட்ரையல் பார்க்காமல் அவர் காசை எடுத்ததே இல்லை. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் புடவையைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் நிறம் எப்படி இருக்கிறது என்று பார்க்க நடுத்தெருவுக்கே போய்விடுவார். கடை முதலாளி "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே ஓடி வருவார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நின்றபடியே ஒரு டம்ளர் ரசம் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். சில நாள் உட்காராமலேயே வந்துவிடுவதும் உண்டு.

கிள்ளானில் எங்கள் ஃபிளாட்டில் எதிர்வீடு அவருடையது. உண்மையான பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரோடு எங்கே போனாலும் மானம் போவது பக்கத்தில் நிற்பவருக்குத்தான். அவருக்கு ஒன்றும் ஆகாது.

நான் தலைப்பிள்ளை உண்டாகியிருந்த நேரம். என் கணவருக்கு போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டும் வேலை. இன்றைக்குப் பகல் ஷிஃப்ட், நாளைக்கு இரவு ஷிஃப்ட் என்று மனிதர் எப்போது வீட்டில் இருப்பார் என்பதே தெரியாது. ஜொகூரில் இருக்கும் அம்மாவால் அப்பாவின் டயாலிசிஸை விட்டுவிட்டு வர முடியாது. பிரசவ அறைக்குள் நான் மட்டும் தனியாகப் போக வேண்டியிருக்குமோ என்ற பயம் வயிற்றோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே வந்தது.

வகுப்புக்குப் போனால் பயம் போகும் என்றார்கள். அரசாங்க கிளினிக்கில் இலவச வகுப்பு இருந்தது. பெட்டாலிங் ஜெயாவில் காசு கட்டிப் படிக்கும் வகுப்பும் இருந்தது. என் ஆபீஸ் தோழிகள் எல்லாரும் பெட்டாலிங் ஜெயாவுக்குத்தான் போனார்கள். பெரிய பந்தின் மேல் உட்கார்ந்து சிரிக்கும் படங்களை ஆளாளுக்குப் போட்டார்கள். நானும் அந்தப் பந்தில் உட்கார ஆசைப்பட்டேன். கிளினிக்குக்குப் போகிறேன் என்று ஆபீசில் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதை லிஃப்டில் ஆன்டியிடம் உளறித் தொலைத்தேன்.

"ட்ரையல் இருக்கா?"

"முதல் கிளாஸ் ஃப்ரீ ஆன்டி. ஆனா துணைக்கு ஒருத்தர் வரணுமாம். அவருக்கு லீவு கிடைக்கல."

"அப்ப நான் வரேன் லா!"

மறுக்க வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் கதவு திறந்துவிட்டது.

அந்த அறையில் எல்லாரும் கணவரோடு வந்திருந்தார்கள். மெல்லிய இசை, வாசனை மெழுகுவர்த்தி. நான் மட்டும் மஞ்சள் புடவை கட்டிய ஆன்டியோடு. சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணை ஆன்டி ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எத்தனை பிள்ள பெத்திருக்க மா?"

"இன்னும் கல்யாணம் ஆகல ஆன்டி."

"ஓ..." என்று ஆன்டி இழுத்த இழுப்பில் மெழுகுவர்த்தியே ஒருமுறை ஆடியது. நான் பந்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளிப்பாட்டப் பழகுவதற்காக ஜோடிக்கு ஒரு குழந்தைப் பொம்மை கொடுத்தார்கள். வெளிநாட்டுப் பொம்மை, ரோஜா நிறம், அசல் குழந்தை போலவே இருந்தது. "ஸோ க்யூட், ரைட்?" என்றாள் டீச்சர். எல்லாரும் எங்கள் பொம்மையைத் திரும்பிப் பார்த்து "க்யூட், க்யூட்" என்றார்கள். அவ்வளவுதான். ஆன்டி கைப்பையிலிருந்து மை டப்பாவை எடுத்து, பொம்மையின் கன்னத்தில் ஐம்பது சென் காசு அளவுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டார்.

"ஆன்டி! அது ட்ரெய்னிங் பொம்மை!" என்று டீச்சர் கத்தினாள்.

"பொம்மையா இருந்தா என்ன மா? இத்தனை பேர் கண்ணு படுதுல?"

டீச்சர் ஈரத்துணியால் துடைத்தாள். மை போகவில்லை, கன்னம் முழுக்கப் பரவியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீனப் பெண் ஆர்வமாகத் தன் பொம்மையையும் நீட்டினாள். ஒரு மலாய்க் கணவர் அது எதற்கு என்று கேட்டு, விளக்கம் கேட்டுக்கொண்டு, தன் பொம்மையையும் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் பொட்டு இல்லாத பொம்மையே இல்லை. எனக்குக் காது மடல் வரை எரிந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன், கீழே கார் நிறுத்துமிடம்தான் இருந்தது.

வெளியே வரும்போது, சேர்கிறீர்களா என்று கவுண்டரில் இருந்த பெண் மரியாதைக்குக் கேட்டாள்.

"யோசிச்சு சொல்றோம். இன்னொரு ட்ரையல் கிடைக்குமா?" என்றார் ஆன்டி.

நான் லிஃப்டுக்குக் காத்திருக்காமல், அந்த வயிற்றோடு படியில் இறங்கினேன். திரும்ப அந்தக் கட்டடத்தின் பக்கம் போக எனக்கு முகம் இல்லை. எந்த வகுப்பு என்ற குழப்பம் அப்படித்தான் தீர்ந்தது.

ஆக, கிளினிக். அங்கே தமிழ் நர்ஸ் ஒருவர்தான் பாடம் எடுத்தார்; எங்களுக்கு நர்ஸ் என்றால் மிஸ்ஸி. கண்டிப்பான குரல். தொடங்கும்போதே சொல்லிவிட்டார்: "பிரசவ ரூம்ல ஒரு ஆள்தான் கூட இருக்கலாம். யாரு இருக்கப் போறாங்களோ, அவங்கதான் இங்க உட்காரணும். கிளாஸுக்கு வராதவங்கள ஆஸ்பத்திரில உள்ள விட மாட்டாங்க."

நான் வாசலைப் பார்த்தேன். கணவர் கிரேன் மேலே இருந்தார். ஆன்டி முன்வரிசையில் இருந்தார்.

"நீங்க எத்தனை பிள்ள பெத்திருக்கீங்க மிஸ்ஸி?"

"நாலு."

"அப்ப சரி லா. பாடத்த நடத்துங்க."

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது எப்படி என்று காட்ட யாராவது வரலாம் என்றார் மிஸ்ஸி. கர்ப்பிணிகள் எழுந்திருக்கச் சிரமப்பட்டபோது ஆன்டி போய்ப் பாயில் படுத்துக்கொண்டார். படுத்தவர் தூங்கியும்விட்டார். குறட்டை சுவரில் மோதித் திரும்பியது. மிஸ்ஸி அசரவில்லை. "பாருங்க, இப்படித்தான் டென்ஷன் இல்லாம படுக்கணும்" என்று குச்சியால் ஆன்டியைச் சுட்டிக்காட்டிப் பாடத்தைத் தொடர்ந்தார். வகுப்பே சிரித்தது. அவர் என்னோடு வரவில்லை என்பது போல நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். வலி வரும் நாளில் என் பக்கத்தில் இருக்கப் போவது இந்தக் குறட்டைதானா என்று நினைத்தபோது அழுகையே வந்தது.

வலி ஒரு காலைப் பொழுதில் வந்தது. கணவர் கிரேன் மேலே, அவருடைய போன் லாக்கருக்குள்ளே. ஆன்டிதான் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே கேட்டார்கள், வகுப்புக்கு வந்தவர் யார் என்று. ஆன்டி பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

உள்ளே போனதும்தான் தெரிந்தது, அவர் என்னைவிட நடுங்கினார். மிஸ்ஸி சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை எனக்கு முன்னால் அவர் ஆரம்பித்தார். "ஹூ... ஹா..." என்று அறையே அதிர்ந்தது. உள்ளே வந்த டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆன்டி, நீங்க மெதுவா விடுங்க. மயக்கம் வந்துரும்."

"நான் விட்டாத்தான் டாக்டர் அவ விடுவா!"

உண்மைதான். அவர் விட்டார், நான் விட்டேன். அவர் ஒரு நொடி நகர்ந்து தண்ணீர் எடுக்கப் போனபோது, "ஆன்டி, போகாதீங்க! எங்கயும் போகாதீங்க ஆன்டி!" என்று நான் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டதாம். எத்தனை பேர் கேட்டார்கள் என்று நான் கவலைப்படவில்லை. ஓடி வந்தவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மதியம் மகள் பிறந்தாள். அழுதாள். ஆன்டி அவளைவிடச் சத்தமாக அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு டி. இப்பவாச்சும் என் கைய விடு. காலையிலேர்ந்து அடக்கிட்டு இருக்கேன், டாய்லெட் போகணும்."

நான் விடவில்லை.