யாரைக் கொல்வது?

"அண்ணாத்தே, நம்ம நாடக நோட்டீஸ் மேல யாரோ சாணி அட்ச்சிக்கிறாங்கோ!" மூச்சிரைக்க வந்து நின்றான் வேம்புலி. நாடகத்தின் கதாநாயகன் அவன்தான்.

நோட்டீஸில் இருந்த தலைப்பு, 'மாமியாரைக் கொல்வது எப்படி?'

வைத்தவர் உதயகுமார். அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர், திருமுல்லைவாயிலுக்குத் திரும்பினால் நாடக ஆசிரியர். போன வருஷம் 'பண்பே நம் சொத்து' போட்டபோது ஒன்பது பேர் வந்தார்கள்; அதில் நான்கு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இந்தத் தடவையும் மண்டபம் காலியாகக் கிடந்தால் நாடகத்தையே விட்டுவிடுவதாக மனைவி நாகவல்லியிடம் சத்தியம் செய்திருந்தார். அதனால்தான் இவ்வளவு காரமான தலைப்பு. மற்றபடி நாடகத்தில் ஒருவரும் சாவதில்லை. மாமியாரும் மருமகளும் சேர்ந்து வடகம் போடுகிறார்கள்.

மாலையில் எதிர் ஃபிளாட் ஜமீலா இன்னும் நான்கு மாமியார்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"எங்களக் கொல்றதுக்கு வழி சொல்லித் தரீங்களா?"

"ஐயோ, கதையக் கேளுங்கம்மா..."

"கதை எதுக்கு? தலைப்பே போதும்!"

'மாமியாரை' என்பதை 'மருமகளை' என்று மாற்றினார் உதயகுமார். மறுநாள் மூன்றாம் மாடி காவ்யா, ஆபீஸ் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

"அவங்க கேட்டா மாத்துவீங்க. நாங்கன்னா இளக்காரமா அங்கிள்?"

நியாயமான கேள்விதான். 'மாப்பிள்ளையை' என்று மாற்றினார். வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. ஆவடியிலிருந்து சொந்த மாப்பிள்ளை கிஷோர்தான் போன் செய்தார்.

"மாமா, தீபாவளிக்கு நாங்க வரல."

நாகவல்லி கரண்டியோடு வந்து நின்றாள். "பேரைப் பாத்து வர்றவங்க நாடகம் பாக்கவா வரப்போறாங்க?"

"யார் மனசும் புண்படாத மாதிரி நீயே ஒண்ணு சொல்லேன்!" என்று கத்திக்கொண்டே காதருகே பாடிய கொசுவை ஓங்கி அடித்தார் உதயகுமார். அடித்த கையோடு தலைப்பும் கிடைத்துவிட்டது.

'கொசுவைக் கொல்வது எப்படி?'

"சூப்பரு! கொசு வந்து கேக்காது அண்ணாத்தே," என்றான் வேம்புலி.

ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபம் நிரம்பி வழிந்தது. ஜமீலா, காவ்யா, பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பாட்டில் வேறு. தண்ணீரோடு வந்திருக்கிறார்கள் என்றால் கடைசிவரை உட்காரத்தான் போகிறார்கள். உதயகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையேறிக் கைகூப்பினார்.

"தலைப்பு முக்கியமில்ல, நாடகம்தான் முக்கியம்னு நிரூபிச்சிட்டீங்க!"

முன்வரிசையில் இருந்த பெரியவர் நடேசன் தன் காலி பாட்டிலை உயர்த்திக் காட்டினார்.

"நாடகம் கெடக்கட்டும் நைனா. கொசு மருந்து எப்போ ஊத்துவே?"